கடை வாசல் மரச் சாமான்கள் மழைக்குத் தாங்க வேண்டுமா?

பெயர்ப்பலகையின் சட்டம், பலகைக் கதவு, வாசல் பெஞ்சு என நமது கடைகளில் வெயிலும் மழையும் நேரே படும் மரச் சாமான்கள் பல. வர்ணம் அடித்தும் இரண்டு மழைக்குள் அவை இற்றுப் போகின்றன என்றால், குறை பெரும்பாலும் வர்ணத்தில் இல்லை; மரத்தைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் வர்ணம் அடித்த முறையிலும் இருக்கிறது. தலைக்கு மேல் தொங்கும் பலகையின் சட்டம் இற்றுப்போனால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்கே ஆபத்து.

மரம் வாங்கும்போது

எந்த மரமானாலும் நடுவிலுள்ள வைரம்தான் தாங்கும். வெளிப்புறத்து வெள்ளைப் பகுதி தேக்கிலும்கூடப் பூஞ்சைக்கும் கரையானுக்கும் இரையாகும். தேக்கு, வேங்கை, கோங்கு ஆகியவற்றின் வைரம் வெளியிடத்துக்கு ஏற்றது. மா, ரப்பர் மரங்கள் விலை மலிவு என்றாலும் மழையில் நிற்கா. பிளைவுட் வாங்கினால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ரகத்தையே கேட்டு வாங்குவோம். அறுத்த ஓரங்களுக்கும் தவறாமல் வர்ணம் அடிப்போம்.

மரம் நன்றாகக் காய்ந்திருப்பது அவசியம். ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஈர மரத்தின் மேல் வர்ணம் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற முயன்று வர்ணம் கொப்புளித்து உரியும்.

வர்ணம் அடிக்கும்போது

1. பொருத்துவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களுக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். சுவரோடு ஒட்டும் பின்பக்கத்தை விட்டுவிடுவதே வழக்கமான தவறு.

2. பலகையின் அறுத்த முனைகள்தாம் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அங்கே பிரைமர் இரண்டு மூன்று முறை ஏற வேண்டும்.

3. பிரைமர் காய்ந்தபின் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, எனாமல் இரண்டு கை அடிக்க வேண்டும். ஒரு கை நன்கு காய்ந்த பிறகே அடுத்தது.

4. தண்ணீர் தேங்காதபடி மேல்விளிம்பு சரிவாக இருக்கட்டும். பெஞ்சுக் கால் மண்ணில் படாமல் கல்லின் மேல் நிற்கட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேலையை முடிப்பது நல்லது. உச்சி வெயிலில் அடிப்பதும் கூடாது.

மளிகைக் கடைக்குத் தனி எச்சரிக்கை

பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு உபயோக, அலங்கார வர்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016ல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வர்ணத்தை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் அரிசி, பருப்பு மூட்டைகளில் படியும். ஆகவே சரக்கை அகற்றி அல்லது மூடி வைத்து, தண்ணீர் தெளித்துச் சுரண்டச் சொல்வோம். நெருப்புக் காட்டி உரிக்க விட வேண்டாம்.

அதேபோல் கரையான் மருந்து ஏற்றிய மரத்தை வாசலுக்கு வெளியே மட்டும் வைப்போம். 1930களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆஸ்கு மருந்தில் ஆர்சனிக் உண்டு. அத்தகைய மரம் மூட்டை அடுக்கும் கட்டைக்கு உதவாது. அதன் துண்டுகளை அடுப்பெரிக்கவும் கூடாது.

ஆசாரியிடமும் பெயிண்டரிடமும் கூலி பேசும்போதே இவற்றைச் சொல்லிவிட்டால், ஆண்டுதோறும் செய்யும் செலவில் ஒரு பகுதி நம் கல்லாவிலேயே மிஞ்சும்.