கார், வேன் பின்னால் சைக்கிள் கட்டி போறீங்களா? கழன்று விழுந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்!

கோவை,

சனி, ஞாயிறு வந்தால் போதும். ஊட்டி, வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை ரோடுகளில் பின்பக்கம் சைக்கிளை தொங்க விட்டபடி கார்களும், வேன்களும் போவதை பார்க்கலாம். மலையில் சைக்கிள் ஓட்டும் ஆசை வாலிபர்களுக்கு கூடி விட்டது. அந்த சைக்கிளை மலை மேல் கொண்டு போய் சேர்க்கும் வேலை வாடகை வண்டி டிரைவர்கள் தலையில் விழுகிறது.

'நாலு கயிறு போட்டு கட்டியாச்சு, போலாம் ரைட்' என்று பலர் கிளம்பி விடுகிறார்கள். ஆனால் பின்னால் கட்டிய சைக்கிள் கழன்று விழுந்தால் முதலில் அடிபடுவது பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர். அடுத்து மாட்டுவது டிரைவர். கட்டச் சொன்ன பார்ட்டி கையை விரித்து விடுவார்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கடைசி சீட் கதை

டவுன் பஸ்சில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இது நன்றாக தெரியும். வேகத்தடை வந்தால் நடு சீட்டில் இருப்பவர் லேசாக குலுங்குவார். கடைசி சீட்டில் இருப்பவரை அப்படியே தூக்கி போடும்.

காரணம் இதுதான். கடைசி சீட் பின் சக்கரத்தையும் தாண்டி வெளியே இருக்கிறது. பின் சக்கரம் மேட்டில் ஏறும்போது அதற்கு பின்னால் இருக்கும் வால் பகுதி இன்னும் அதிகமாக மேலே எழும்பும். அதே வேகத்தில் கீழே இறங்கும்.

காருக்கு பின்னால் கட்டும் சைக்கிள் அந்த கடைசி சீட்டையும் தாண்டி, வெளியே தொங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் மேலே ஒரு எகிறு, கீழே ஒரு அடி. டிக்கிக்குள் வைத்த 15 கிலோ வேறு, வெளியே தொங்கும் 15 கிலோ வேறு என்று சொல்வது இதனால்தான்.

சைக்கிள் ஒரே குலுக்கலில் விழுந்து விடாது. முதல் 10 பள்ளத்தில் கயிற்று முடிச்சு இறுகி, கட்டில் கொஞ்சம் இடைவெளி விழும். அதன் பிறகு சைக்கிள் ஆட ஆரம்பிக்கும். ஆட ஆட கொக்கி நிமிரும், வெல்டிங் வெடிக்கும். கிளம்பும்போது கெட்டியாக இருந்த கட்டு மலை அடிவாரம் போவதற்குள் தளர்ந்து விடும்.

எடை கணக்கு

நாம் ஓட்டும் சாதாரண சைக்கிள் 20 கிலோ வரை இருக்கும். கியர் சைக்கிள் 13 முதல் 16 கிலோ. பேட்டரி சைக்கிள் என்றால் 20 முதல் 25 கிலோ.

2 கியர் சைக்கிள் 30 கிலோ, அதை மாட்டும் ஸ்டாண்டு 10 கிலோ, ஆக மொத்தம் 40 கிலோ என்று வைத்துக் கொள்வோம். சின்ன காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.4 மீட்டர் தூரம். சைக்கிள் பின் சக்கரத்தில் இருந்து 1.2 மீட்டர் தள்ளி தொங்குகிறது.

சீசா பலகையில் ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் எழும்புவது போலத்தான் இதுவும். முன் சக்கரத்தில் 20 கிலோ குறையும். பின் சக்கரத்தில் 60 கிலோ ஏறும். 4 சைக்கிள் கட்டி, ஸ்டாண்டோடு 80 கிலோ என்றால் முன்னால் 40 கிலோ போச்சு, பின்னால் 120 கிலோ ஏறிப்போச்சு. உள்ளே இருக்கும் ஆட்களும், மூட்டையும் தனி.

சமவெளி ரோட்டில் இது அவ்வளவாக தெரியாது. மலை ஏறும்போது ஸ்டீயரிங் லேசாகி விடும். சின்ன கார்களில் பெரும்பாலும் முன் சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது. மழை பெய்த ரோட்டில், கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரத்துக்கு பிடிப்பு இல்லை என்றால் என்ன ஆகும்? கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறை ரோட்டில் 40, ஊட்டி கல்லட்டி பாதையில் 36, ஏற்காட்டில் 20 என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

காரை விட சைக்கிள் நீளம்!

இன்னொரு விஷயத்தை பலர் கவனிப்பது இல்லை. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் நீளம் சுமார் 1.75 மீட்டர். சின்ன கார்களின் அகலமே ஒன்றரை மீட்டரில் இருந்து 1.7 மீட்டருக்குள்தான். குறுக்கே கட்டினால் சைக்கிள் சக்கரம் காரின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

டிரைவருக்கு கண்ணாடியில் இது சரியாக தெரியாது. வளைவில் வண்டி திரும்பும்போது வால் பக்கம் வெளியே வீசும். எதிரே வரும் ஸ்கூட்டர்காரரின் கையையோ, ஓரமாக நடப்பவரையோ அந்த சக்கரம் இழுத்து விட்டு போய்விடும். முன் சக்கரத்தை கழற்றி வண்டிக்குள் போட்டு விட்டால் நீளம் குறைந்து விடும். கியர் சைக்கிளில் பலவற்றில் சக்கரத்தை ஸ்பேனர் இல்லாமலே கழற்றலாம்.

அமெரிக்கா தரும் பாடம்

அமெரிக்காவில் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள சக்கர வீட்டை காருக்கு பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு சுற்றுலா போகிறார்கள். அந்த வீட்டின் பின்னால் சைக்கிளை கட்டுவார்கள். அங்கே இந்த தொல்லை இன்னும் அதிகம். வால் நீளம் என்பதால் குலுக்கலும் ஜாஸ்தி.

அந்த சக்கர வீடுகள் பலவற்றில் பின்பக்க பம்பர் என்பது 4 அங்குல சதுர குழாய்தான். உள்ளே வெறும் காலி. தகடு மெல்லிசு. கழிவுநீர் ஹோசை சுருட்டி வைப்பதற்காக வைத்தது. அதில் போய் ஸ்டாண்டை மாட்டி சைக்கிளை ஏற்றினால், வெல்டிங் விட்டுப்போய் பம்பரும் சைக்கிளும் சேர்ந்தே ரோட்டில் விழும். அதனால்தான் காருக்கு செய்த ஸ்டாண்டை சக்கர வீட்டில் மாட்டாதீர்கள் என்று பல கம்பெனிகள் எழுதியே விற்கின்றன. அதற்கென்று தனி ஸ்டாண்டு இருக்கிறது.

சக்கர வீட்டின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் உள்ள கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. பின்னால் சைக்கிளை ஏற்றினால் கொக்கியில் எடை குறையும். ரொம்ப குறைந்து விட்டால் ஓட்டத்தில் வண்டி நாய் வால் போல இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆட ஆரம்பித்து விடும்.

நம்ம ஊர் வேன்களுக்கும் பாடம் இதுதான். பம்பர் என்பது இடி தாங்குவதற்கு, சுமை தூக்க அல்ல. வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்டு செய்து பம்பரில் ஒட்ட வைப்பது ஆபத்து. சேசிசில் போல்ட் போட்டு முடுக்கினால்தான் நிற்கும். பின் கதவில் ஸ்டெப்னி உள்ள ஜீப் வகை வண்டிகளில், கதவு கீல் ஏற்கனவே ஸ்டெப்னியின் எடையை தாங்குகிறது. அதன் மேல் 2 சைக்கிளுக்கு மேல் ஏற்றினால் கீல் தொங்கிப்போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சைக்கிள் நம்பர் பிளேட்டை மறைத்தால் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம். பிரேக் லைட், இண்டிகேட்டர் மறைந்தால் பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்பதும் திரும்புவதும் தெரியாது.

சுமை அனுமதித்த அளவை தாண்டி பக்கவாட்டிலோ, பின்பக்கமோ, உயரத்திலோ நீட்டிக்கொண்டு இருந்தால் மோட்டார் வாகன சட்டம் 194 (1ஏ) பிரிவில் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். சுமையை இறக்கும் கூலியையும் நாம்தான் கட்ட வேண்டும். 2019 செப்டம்பர் 1-ந் தேதி முதல் இந்த பிரிவு நடைமுறையில் உள்ளது.

உயிர்ச்சேதம் ஆகிவிட்டால் கதையே வேறு. கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் முன்பு 304-ஏ பிரிவில் 2 ஆண்டு வரை ஜெயில். 2024 ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவில் இது 5 ஆண்டு வரை ஆகிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இப்படி கட்டுங்க

* பழைய டியூப் ரப்பரை மட்டும் நம்பாதீங்க. இழுபடும், சைக்கிள் டான்ஸ் ஆடும். நைலான் கயிறு நனைந்தால் முடிச்சு வழுக்கும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட்தான் நல்லது. அது போக தனியாக ஒரு கயிறு கட்டினால், பெல்ட் விட்டாலும் சைக்கிள் ரோட்டில் விழாது.

* பெல்ட் கொக்கியை டிக்கி கதவின் இரும்பு விளிம்பில் மாட்டுங்க. பிளாஸ்டிக்கிலோ, கண்ணாடி ஓரத்திலோ மாட்டினால் உடையும்.

* கனமான சைக்கிளை வண்டியை ஒட்டி முதலில் மாட்டி, லேசானதை வெளியே மாட்டுங்க.

* ஹேண்டில் திரும்பாமல், சக்கரம் சுழலாமல் தனித்தனியாக கட்டுங்க. உரசும் இடத்தில் சாக்கு துணி வையுங்க.

* சைலன்சருக்கு நேராக டயர் வரக்கூடாது. சூட்டில் டயர் உருகி, டியூப் வெடிக்கும்.

* பை, தண்ணீர் பாட்டில், பம்பு, பூட்டு எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வையுங்க.

* நம்பர் பிளேட்டோ, லைட்டோ மறைந்தால் பின்னால் கட்டாதீங்க. மேலே கேரியர் இருந்தால் அதில் ஏற்றுங்க. அப்போது பெட்ரோல் பங்க் கூரை, லாட்ஜ் போர்டிகோ உயரத்தை பார்த்து நுழையுங்க.

தூரமான ஊர் என்றால் ரெயில் நிலைய பார்சல் ஆபீசில் சைக்கிளை புக் செய்து அனுப்பி விடலாம்.

கிளம்பி 10 கி.மீ. போனதும் ஒரு தடவை வண்டியை நிறுத்தி பெல்ட்டை முடுக்குங்க. அதன் பிறகு டீ குடிக்க இறங்கும் போதெல்லாம் சைக்கிளை கையால் பிடித்து ஆட்டி பாருங்க. சைக்கிளோடு சேர்ந்து வண்டியும் ஆடினால் கட்டு சரி. சைக்கிள் மட்டும் ஆடினால் அவிழ்த்து மறுபடியும் கட்டுங்க. பார்ட்டி அவசரப்படுத்தினாலும் விடாதீங்க. லைசென்சு உங்களுடையது.