வளையம் விரியலாம், மையம் நகரக்கூடாது

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் உள்ள நோர்ட்ஷ்லைஃபே பந்தயப் பாதை வழக்கமாக மார்ச் மாதத்தில் பொதுமக்களின் கார்களுக்குத் திறக்கிறது. அதற்குள் பிரேக்கை மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் குளிர்காலம் முடியும் முன்பே தொடங்கிவிடும். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு துண்டு லைட்வெயிட் டிஸ்க் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

நிற்காது. ஒரே மிதியில் நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. காரோடு வந்த டிஸ்கே ஏபிஎஸ் இயங்கும் அளவுக்குச் சக்கரத்தை இறுக்கிவிடும். பத்தாவது முறை மிதிக்கும்போதும் பெடல் அதே இடத்தில் கடிக்கிறதா என்பதில்தான் புது டிஸ்குக்கு வேலை இருக்கிறது.

ஹோண்டா சிவிக் டைப் ஆர் நல்ல உதாரணம். 2017இல் வந்த எஃப்கே8 மாடலின் முன்சக்கரங்களில் 350 மி.மீ. விட்டத்தில் ஒரே வார்ப்பு டிஸ்க் இருந்தது. 2020 மாடலில் அதே விட்டத்தில் இரண்டு துண்டு மிதவை டிஸ்க் வந்தது. எடை சுமார் 2.3 கிலோ குறைந்தது என்று ஹோண்டா அறிவித்தது. உதிரிபாகம் விற்பவர்கள் பிடித்துக்கொண்டது அந்த எண்ணைத்தான். டிராக்கில் தொடர்ந்து ஓட்டும்போது பிரேக் தளர்வது குறையும் என்றும் அதே அறிவிப்பு சொன்னது. கவனிக்க வேண்டிய வரி அதுதான்.

டிஸ்கில் பேடு உரசுவது வளையம். ஹப்பில் பொருந்துவது தொப்பி. ஒரே வார்ப்பில் இரண்டும் பிணைந்தே பிறக்கின்றன. 350 மி.மீ. வார்ப்பிரும்பு வளையத்தின் சூடு 500 டிகிரி ஏறினால் விட்டம் ஏறத்தாழ 2 மி.மீ. கூடும். தொப்பி அவ்வளவு சூடாவதில்லை. அது தானும் விரியாமல் வளையத்தின் ஒரு முகத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. பிடிபடாத முகம் விரிய, தட்டையான டிஸ்க் பாதி மடங்கிய குடை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கூம்பாகிறது.

சாய்வு மி.மீ.யில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் டிஸ்கின் ஒரு புறத்தில் பேடின் வெளி ஓரமும் மறுபுறத்தில் உள் ஓரமும் முதலில் உரச, பேடு ஆப்பு வடிவத்தில் தேய்கிறது. நேர்ப்பாதையில் டிஸ்க் ஆறி நிமிரும்போது பேடைப் பின்னுக்குத் தள்ள, காலிப்பரின் பிஸ்டன் உள்ளே போகிறது. அடுத்த வளைவுக்கு முன் மிதித்தால் பெடல் முதலில் வெறுமனே இறங்குகிறது. 200 கி.மீ. வேகத்தில் அந்த வெற்று இறக்கம் ஓட்டுநரின் நம்பிக்கையையே குலைத்துவிடும்.

மிதவை டிஸ்கில் வளையம் வார்ப்பிரும்பு, தொப்பி அலுமினியம். இரண்டையும் இணைப்பவை பாபின் எனப்படும் சிறு உலோக உருளைகள். ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் முன் டிஸ்கில் வட்டமாகத் தெரியும் பொத்தான்கள் இவைதான். பாபின் உட்காரும் பள்ளம் மையத்திலிருந்து வெளிநோக்கி நீண்டிருக்கும். அதனால் வளையம் வெளிப்புறமாக வழுக்கி விரியலாம். பக்கவாட்டில் இடம் கிடையாது. பிரேக்கின் விசை முழுவதும் அந்தப் பக்கச் சுவர்கள் வழியாகத்தான் ஹப்புக்குப் போகிறது.

இப்படி வழுக்கும் வளையம் ஒரு பக்கமாக நழுவிச் சக்கரத்தை உதறவைக்காதா? வைக்காது. வளையம் வலப்புறம் நகரப் பார்த்தால் மேலும் கீழும் உள்ள பள்ளங்களின் சுவர்கள் தடுக்கும். மேலே நகரப் பார்த்தால் வலமும் இடமும் உள்ளவை தடுக்கும். எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் விரிவதற்கு மட்டுமே வழி உண்டு. சென்சார் இல்லை, மோட்டார் இல்லை. பள்ளம் வெட்டிய திசையே தீர்வு. பிரேக் அமைப்பில் இதைவிட அழகான யோசனை அரிது.

இரண்டு துண்டு என்று விற்கப்படும் எல்லா டிஸ்கிலும் இது கிடையாது என்பதுதான் கவலைக்குரியது. வளையத்தைப் போல்ட் போட்டு அசையாமல் இறுக்கிய வகையும் அதே பெயரில்தான் வருகிறது. அது எடையைக் குறைக்கும். வளையத்தைத் தடையின்றி விரிய விடாது.

எடைக் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. 1,400 கிலோ காரை 200 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் சுமார் 21.6 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 70 சதவீதத்தை முன்சக்கரங்கள் ஏற்பதாக வைத்துக்கொண்டால், 8 கிலோ வளையத்தின் சூடு ஒரே மிதியில் கிட்டத்தட்ட 190 டிகிரி ஏறும். அதே வளையம் 6.5 கிலோ என்றால் 230 டிகிரி. தொப்பியில் குறைத்த எடைக்கு இந்தத் தண்டனை இல்லை. வளையத்தைச் சுரண்டி எடை குறைத்தவர்கள் விற்பது சீக்கிரம் கொதிக்கும் டிஸ்க். மொத்த எடை மட்டும் அச்சிட்ட பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வளையத்தின் எடையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சுழலும் எடை குறைவதால் கார் பாய்ந்து செல்லும் என்ற விளம்பரமும் ஊதிப் பெருக்கியது. தொப்பி அச்சுக்கு மிக அருகில் சுழல்கிறது. டயரின் ஆரம் 33 செ.மீ., தொப்பியின் ஆரம் 7 செ.மீ. என்றால் சுழற்சியால் கிடைக்கும் கூடுதல் பலன் 5 சதவீதத்துக்கும் கீழே.

ஐரோப்பிய வாசகர்களுக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 2016 நவம்பருக்குப் பின் வகை ஒப்புதல் பெற்ற கார்களின் மாற்று டிஸ்குகளுக்கு ஐ.நா. விதி 90இன் ஒப்புதல் தேவை. வட்டத்துக்குள் 'E' எழுத்து அதற்கு அடையாளம். அசல் டிஸ்குக்கு மாற்று டிஸ்க் நிகரா, வெப்பச் சோர்வைத் தாங்குமா என்பதைத்தான் அந்தச் சோதனை பார்க்கிறது. அசலைவிட மேல் என்று அந்த முத்திரை சொல்வதில்லை.

மற்ற கேள்விகள்:

மெதுவாகப் போகும்போது கிலுகிலு சத்தம் வருகிறதே? மிதவை டிஸ்கின் இயல்பு. சத்தம் திடீரென்று கூடினால் பாபின் தேய்ந்திருக்கலாம்.

குளிர்கால உப்புச் சாலையில் ஓட்டலாமா? பாபினில் துரு பிடித்தால் மிதவை நின்றுவிடும், அடிக்கடி கழுவுங்கள்.

துளையிட்டதா, கோடு வெட்டியதா? டிராக்குக்குக் கோடு, துளைகளைச் சுற்றி விரிசல் விழும்.

தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாமா? பல தயாரிப்புகளில் முடியும். செலவு மிச்சப்படுவது அங்கேதான்.

பழைய பேடையே போடலாமா? கூடாது.

கையில் பணம் குறைவு, முதலில் எது? பிரேக் ஆயில்: புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155தான்.