மிதக்கும் முழங்கை: ஒரே கையில் இரண்டு முறிவு

வேப்பனப்பள்ளி பக்கம் மாந்தோப்பும் புளியமரமும் ஏராளம். மரத்திலிருந்து விழும் பிள்ளை கையை ஊன்றித்தான் விழும். பெரும்பாலும் ஒரு இடத்தில்தான் எலும்பு உடையும். உயரத்திலிருந்து வேகமாக விழுந்தால் முழங்கைக்கு மேலே ஒன்று, முன்கையில் ஒன்று என்று இரண்டு இடத்தில் உடையலாம். நடுவில் இருக்கும் முழங்கைக்கு மேலும் பிடிப்பு இல்லை, கீழும் பிடிப்பு இல்லை. அதனால் இதற்கு 'ஃப்ளோட்டிங் எல்போ', அதாவது மிதக்கும் முழங்கை என்று பெயர். ஸ்டானிட்ஸ்கி, மிக்கேலி என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1980-ல் வைத்த பெயர் இது.

ரெண்டு முறிவுதானே, ரெண்டு மடங்கு கஷ்டம், அவ்வளவுதானே என்று தோணும். அப்படி இல்லைங்க. இங்கே முதல் கவலை எலும்பு இல்லை, ரத்த ஓட்டம். முழங்கைக்கு முன்னால்தான் கையின் முக்கிய ரத்தக்குழாய் போகிறது. மேலே உடைந்த எலும்பின் முனை அதை அழுத்தலாம். கீழே முன்கைத் தசைகள் விரியாத உறைக்குள் இருக்கின்றன. அங்கேயும் முறிவு இருந்தால் உள்ளே வீங்கி அழுத்தம் ஏறும். ரத்தம் போகாமல் சில மணி நேரம் கடந்தால் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். இறுக்கமான கட்டுக்குப் பின் இப்படி ஆவதை ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே எழுதிவிட்டார்.

நம்ம பக்கம் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிக் கட்டுவது பழக்கம். எல்லை தாண்டி ஆந்திராவின் புத்தூர் வரைக்கும் போய்க் கட்டிக்கொள்வார்கள். ஆனால் நாட்டுக்கட்டோ, ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டோ, வீங்கப்போகும் கையைச் சுற்றி இறுக்கினால் ஆபத்து ஒன்றுதான்.

அதனால்தான் இப்போது பெரும்பாலும் இரண்டு இடத்தையும் கம்பியால் நிறுத்துகிறார்கள். முழங்கை முறிவை மயக்கத்தில் வைத்து, எக்ஸ்ரே பார்த்தபடியே சரிசெய்து, தோல் வழியாக மெல்லிய கம்பி போடுவார்கள். முன்கைக்கும் கம்பியோ, வளையும் ஆணியோ வைப்பார்கள். பலர் முழங்கையை முதலில் நிறுத்துவார்கள். மேலே உறுதியான பிறகுதான் கீழே இழுத்து நேராக்க முடியும். உள்ளே கம்பி தாங்குவதால் வெளியே இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை, முழங்கையை அதிகம் மடக்கி வைக்கவும் வேண்டாம். முழங்கைக் கம்பியை சுமார் 3 முதல் 4 வாரத்தில் எடுத்துவிடலாம்.

'சின்னப் பிள்ளை, கோணலா இருந்தாலும் வளர வளர சரியாகிடும்' என்பது பாதி உண்மை. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள்பட்டைப் பக்கம், முழங்கைப் பக்கம் 20 சதவீதம்தான். அதனால் முழங்கைக்கு மேலே கோணலாகக் கூடினால் பெரும்பாலும் அப்படியே நிற்கும். முன்கையில் பெரும்பகுதி வளர்ச்சி மணிக்கட்டுப் பக்கம். அங்கே கொஞ்சம் கோணலை உடம்பே சரிசெய்துகொள்ளும். ஒரே கையில் ரெண்டு கணக்கு, பாருங்க.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நீவாதீங்க, நீட்டி மடக்கிப் பார்க்காதீங்க. இருக்கிற வாக்கிலேயே அட்டையோ மடித்த துணியோ முட்டுக்கொடுத்து, எலும்பு மருத்துவர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டி இல்லையென்றால் 108. மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம், அதனால் வழியில் சாப்பிடக் கொடுக்காதீங்க. கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்க. முடியாவிட்டால் நரம்பு அடிபட்டிருக்கலாம், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்க.

கட்டுப் போட்ட பிறகுதான் உஷாராக இருக்க வேண்டும். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா? விரலை மெதுவாக நீட்டினால் பிள்ளை அலறுகிறதா? விரல் மரத்து, வெளுத்து, சில்லென்று இருக்கிறதா? காலையில் பார்த்துக்கலாம் என்று இருக்காதீங்க. கட்டைத் தளர்த்தச் சொல்லி, ராத்திரியானாலும் அப்போதே கிளம்புங்க.