கருகிய பிளக் பாயின்ட்: ட்ரிப்பர் விழவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்

சமையலறையில் கருவாட்டு வாடை வருகிறது. அன்று வீட்டில் மீனும் வாங்கவில்லை, கருவாடும் வறுக்கவில்லை. குப்பைக் கூடையைப் பார்க்கிறோம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தேடுகிறோம். சுவிட்ச் போர்டின் பக்கம் மட்டும் யாரும் போவதில்லை. பிளக் பாயின்டிலும் சுவிட்சிலும் உள்ள சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் இப்படித்தான் கவிச்சை அடிக்கும். புகை கண்ணில் படும் முன்பே வரும் எச்சரிக்கை அது.

அதைத் தவறவிட்டால் அடுத்தடுத்த அடையாளங்கள் தெரியும். பிளக் துளையைச் சுற்றி டீக்கறை போன்ற பழுப்பு, பிறகு கறுப்பு. சுவிட்சைப் போட்டதும் உள்ளே 'சிர்ர்' என்று ஒரு சத்தம். கழற்றும்போது வர மறுத்து ஒட்டிக்கொள்ளும் பின். இந்த நிலையிலும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். "இந்த பாயின்ட் போய்விட்டது" என்று சொல்லி, அதே இண்டக்ஷன் அடுப்பை, அதே கருகிய பிளக்குடன், பக்கத்து பாயின்டில் சொருகிவிடுகிறோம். யாராவது கேட்டால், "பெரிய கோளாறாக இருந்தால் ட்ரிப்பர் விழுந்திருக்குமே" என்று பதில் வருகிறது.

அந்தப் பதில் தவறு. வீடு தீப்பிடிக்கும் அளவுக்கு ஆபத்தான தவறு என்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ட்ரிப்பர் என்று நாம் சொல்லும் எம்.சி.பி., தன் வழியாகச் செல்லும் மின்னோட்டத்தின் அளவை மட்டுமே அறியும். வழியில் எந்த இடம் சூடாகிறது என்பது அதற்குத் தெரியாது. 1800 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் எடுக்கும். பாயின்டுக்குள் ஒரு ஸ்குரூ தளர்ந்துவிட்டது, அல்லது பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு விரிந்துவிட்டது; அதனால் அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். 8-ஐ 8-ஆல் பெருக்கி, அதில் பாதியை எடுத்தால் 32 வாட். ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூட்டை உண்டாக்கும் ஒன்று, காற்று புகாத பெட்டிக்குள், பிளாஸ்டிக்குக்கும் வயருக்கும் நடுவில், நீங்கள் சமைக்கும் நேரமெல்லாம் எரிந்துகொண்டிருக்கிறது. ட்ரிப்பருக்குத் தெரிவதோ வழக்கமான 8 ஆம்பியர். அது எதற்கு விழப்போகிறது?

16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16-ஐத் தாண்டிய மறுநொடி விழும் என்று எண்ணுவதும் சரியல்ல. தர விதிப்படி 18 ஆம்பியர் வரை அது ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். 23 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதன் கீழ் 6 ஆம்பியர் சின்ன பாயின்ட் இருந்து, அதில் 12 ஆம்பியர் நாள் முழுக்க ஓடினாலும் கேட்பாரில்லை. ஷாக் அடிக்காமல் உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும், உண்மைதான். ஆனால் தளர்ந்த இணைப்பில் மின்சாரம் வெளியே கசிவதில்லை. போக வேண்டிய வழியில்தான் போகிறது. எனவே அதுவும் வாய் திறக்காது. மிச்சமிருப்பவை நம் மூக்கும் கண்ணும் கையும்தான்.

கருகியது தெரிந்தால், முதலில் அந்தப் பிளக்கில் கை வைக்காதீர்கள். பக்கத்திலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் பிடுங்கலாமே என்று தோன்றும். உள்ளே உருகிப்போன சுவிட்ச், அணைத்தது போல் காட்டிக்கொண்டு இணைப்பைத் துண்டிக்காமலே இருக்கலாம். சில வீடுகளில் வயரிங் செய்தவர் சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பார். அங்கே சுவிட்சை அணைத்தாலும் பாயின்டில் மின்சாரம் நிற்கும். ஆகவே மெயினை அணைத்து, சூடு ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும்.

மெயினை அணைத்தால் முடிந்ததா? இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் முடியவில்லை. மெயின் போனதும் அது கரண்ட் கட் என்று நினைத்து, தன் லைனுக்கு பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கிவிடும். ஃபேன் சுற்றுகிறதா, லைட் எரிகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டரையும் தனியாக அணைத்த பிறகுதான் அந்த போர்டு செத்த போர்டு. வேலை செய்ய வருபவருக்கும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தீயே தெரிந்தால், மெயினுக்குப் போகும் வழி பாதுகாப்பாக இருந்தால் மட்டும் அதை அணையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸ் சிலிண்டர் தீக்கு ஈரச் சாக்கைப் போடச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஈரச் சாக்கோடு சுவிட்ச் போர்டை நெருங்கிவிடாதீர்கள். உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்து, தீயும் சிறியதாக இருந்தால் பயன்படுத்தலாம். இல்லையேல் எல்லோரையும் வெளியேற்றி, அறைக் கதவை மூடிவிட்டு, 101 அல்லது 112-க்கு அழையுங்கள். வயர் எரியும் புகை தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். அருகில் குனிந்து பார்ப்பது வேண்டாம். மரப்பெட்டிப் போர்டு உள்ள பழைய வீடுகளில், மெயினை அணைத்த பிறகும் மரம் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். மணிக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

சூடும் கருகலும் மீட்டரிலோ, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரிலோ இருந்தால் அது மின்வாரியத்தின் வேலை. மின்னகம் எண் 94987 94987. நம் வயர்மேனும் அதைத் தொடக் கூடாது.

இனி பழுது பார்ப்பது. இங்கேதான் நாம் சிக்கனம் பிடிக்கிறோம். பாயின்டை மட்டும் மாற்றி, பிளக்கின் பின்னை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி சொருகுகிறோம். கருகிய பின் புதிய பாயின்டையும் சில வாரங்களில் கருக்கிவிடும். விரிந்த பாயின்ட் புதிய பிளக்கைக் கருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சூடுபட்ட பித்தளைத் தகட்டுக்குப் பிடிமானம் போய்விடும். சுத்தம் செய்தால் திரும்பி வராது. சூட்டில் விறைத்து, செம்பு கறுத்துப்போன வயர் முனையையும் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டித்தான் முறுக்க வேண்டும். வயர் நீளம் போதாவிட்டால் புதிய வயரே இழுக்க வேண்டும், டேப் சுற்றி ஒப்பேற்றுவது கூடாது. ட்ரிப்பர் அடிக்கடி விழுகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போடச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அரசின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றிதழ் தருகிறது. அது இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் எதற்கு?

வயர்மேன் நாளைதான் வருவார் என்றால், இன்றிரவு அந்த லைனின் எம்.சி.பி.யை அணைத்தே வையுங்கள். உறங்கும் முன் விளக்கை அணைக்கச் சொன்ன நபிமொழி, எலி திரியை இழுத்துப் போய் வீட்டைக் கொளுத்திவிடும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. இன்று திரி சுவருக்குள் இருக்கிறது.

நம் ஊர்களுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. துபையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வரும் கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஏர் ஃப்ரையர் எல்லாவற்றுக்கும் பட்டையான மூன்று பின் பிளக். அதற்குள் 13 ஆம்பியர் வரை ஃபியூஸ் இருக்கும். அதை ஒரு சின்ன கன்வெர்ஷன் பிளக்கில் மாட்டி, 6 ஆம்பியர் பாயின்டில் சொருகுகிறோம். 2200 வாட் கெட்டில் ஒன்பதரை ஆம்பியர் இழுக்கும். பிளக்கிலுள்ள ஃபியூஸுக்கு அது சாதாரணம். கீழே இருக்கும் கன்வெர்ஷன் பிளக்குக்கும் பாயின்டுக்கும் அது ஒன்றரை மடங்குச் சுமை. ரமளான் சஹர் நேரத்தில், தூக்கக் கலக்கத்தில், அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்ஷன் அடுப்பும் சேர்ந்துகொள்கிறது. எல்லா வகைப் பின்னும் நுழையும் யுனிவர்சல் சாக்கெட்டும் இதற்குத் தீர்வல்ல. எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பது எதையும் இறுகப் பிடிப்பதில்லை. பட்டைப் பின் நுழைவதற்காக எர்த் துளையில் பேனாவையோ ஸ்குரூ டிரைவரையோ விட்டு நெம்பும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். 1000 வாட்டுக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கருவி என்றால், பட்டைப் பின்னை வெட்டிவிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 16 ஆம்பியர் பிளக்கை வயர்மேனிடம் மாட்டித் தரச் சொல்லி, பெரிய பாயின்டில் மட்டும் பயன்படுத்துங்கள். அந்தப் பாயின்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராவது வந்திருக்க வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து பித்தளையை அரிக்கிறது. ஆண்டுக்கொரு முறை விடுமுறையில் மட்டும் திறக்கும் வீடுகளில், வந்த அன்றே ஏ.சி.யையும் கீசரையும் முழு மூச்சில் ஓட விடாமல், ஒரு வயர்மேனைக் கொண்டு ஸ்குரூக்களை முறுக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், பாயின்ட் கருகினால் முதலில் வீடியோ கால்தான் போகிறது. அங்கிருந்து மச்சான் சொல்லச் சொல்ல இங்கே தங்கச்சி போர்டைக் கழற்றுவது பார்க்க வேடிக்கையாக இருக்கலாம், தயவுசெய்து வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது மெயின் எங்கே, இன்வெர்ட்டர் சுவிட்ச் எங்கே என்று வீட்டிலுள்ள பெண்கள், பெரியவர்கள், விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லோரையும் தங்கள் கையாலேயே ஒரு முறை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய பாயின்டும் பிளக்கும் மாட்டிய பிறகு, கருவியைக் கால் மணி நேரம் ஓட விட்டு அணையுங்கள். பிளக்கின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் கவலையில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் வயர்மேனை மறுபடியும் கூப்பிடுங்கள். இந்த முறை சுவரோடு சேர்த்து, அந்தக் கருவியையும் அவரிடம் காட்டுங்கள்.