வலைப்பூ நடத்துகிறீர்களா? எந்தச் செலவை வரியில் கழிக்கலாம்?

மதுரையில் வேலைக்குப் போய்க்கொண்டே சமையல் வலைப்பூ நடத்தும் ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலைக்கழிவு 75,000 ரூபாய் போக அவருடைய சம்பளம் 10,50,000 ரூபாய். வலைப்பூவில் விளம்பரங்கள் மூலம் வந்தது 2,00,000 ரூபாய். ஆக மொத்தம் 12,50,000. புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டுக்கு அவர் கட்ட வேண்டிய வரி 52,000 ரூபாய்.

அதே ஆள், வலைப்பூவுக்காகச் செய்த 60,000 ரூபாய் செலவை முறையாகக் காட்டினால் என்ன ஆகும்? வருமானம் 11,90,000 ஆகிவிடும். 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம். பில்லை எடுத்து வைக்காத ஒரே காரணத்தால் 52,000 ரூபாயைக் கட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எல்லோருக்கும் இவ்வளவு மிச்சமாகுமா? ஆகாது. 12 லட்சம் என்ற கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்குத்தான் இந்த அளவு ஆதாயம். மற்றபடி, 20 சதவீத ஸ்லாபில் இருப்பவர் 1,000 ரூபாய் செலவைக் கழித்தால் மிச்சம் 208 ரூபாய். செலவைக் கழிப்பது என்றால் அந்தச் செலவையே அரசு திருப்பித் தருவதாகப் பொருள் இல்லை. அந்தத் தொகைக்கு வரி கிடையாது, அவ்வளவுதான். ஆகவே, வரி மிச்சம் ஆகும் என்பதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்காதீர்கள்.

"புதிய வரி முறையில் கழிவு எதுவும் கிடையாது என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். பலரையும் தடுமாற வைக்கும் இடம் இதுதான். அந்த முறையில் கிடைக்காதவை ஆயுள் காப்பீடு, பி.பி.எஃப். போன்ற சேமிப்புக்கான சலுகைகள். தொழில் செலவு சலுகை இல்லை. லாபம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் கணக்கு. வரவில் செலவு போனால்தானே லாபம்? அதனால் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் தொழில் செலவைக் கழிக்கலாம்.

எந்தச் செலவைக் கழிக்கலாம்? சட்டம் கேட்பது இதைத்தான்: அந்தச் செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்ததாக இருக்க வேண்டும், சொந்தச் செலவாக இருக்கக் கூடாது, பல ஆண்டு உழைக்கும் பொருளை வாங்கிய செலவாகவும் இருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 37(1) பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருந்தாலும், இந்த அடிப்படை மாறவில்லை.

நம் மதுரைக்காரரின் 60,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். தளத்தின் பெயருக்கும் அதை இணையத்தில் வைத்திருக்கும் இடத்துக்கும் கட்டிய ஆண்டுக் கட்டணம் 6,000. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. வலைப்பூ இல்லையென்றால் இந்தச் செலவே இல்லை.

அடுத்தது வீட்டு இணைய இணைப்பு. மாதம் 800 வீதம் ஆண்டுக்கு 9,600 ரூபாய். பிள்ளைகள் பாடம் படிப்பதும் வீட்டார் படம் பார்ப்பதும் அதே இணைப்பில்தான். அப்படியானால் முழுவதையும் காட்டலாமா? கூடாது. தொழிலுக்குப் பயன்பட்ட பங்கை மட்டும் காட்டலாம். அவர் பாதி என்று வைத்து 4,800 ரூபாய் எடுத்துக்கொண்டார். கைபேசிக் கட்டணம், மின்சாரம், வாடகை எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஓர் அறையை எழுதுவதற்கென்றே ஒதுக்கியிருந்தால், வீட்டின் மொத்தப் பரப்பில் அந்த அறை எவ்வளவோ அந்த விகிதத்தில் வாடகையைக் காட்டலாம். எந்த விகிதம் எடுத்தாலும் அதற்கான காரணத்தை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஆண்டு விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

மூன்றாவது, மளிகையும் கறியும். சமையல் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். சமைத்துப் படம் எடுத்த பிறகு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு விடுகிறோமே, அது தொழில் செலவா, வீட்டுச் செலவா?

ஒரு சால்னாவுக்கு அளவு சரியாகப் பிடிபட மூன்று தடவையாவது வைத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை கசகசா கூடிவிடும், இரண்டாம் தடவை தேங்காய் தூக்கலாக இருக்கும். அந்த முயற்சிகளுக்கென்று வாங்கிய பொருள் தொழில் செலவு என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வீட்டில் வைக்கப்போகும் குழம்பை ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டு, அந்தக் கறிக்கான பணத்தையும் சேர்த்துக் காட்டினால் அது நிற்காது. அந்தச் செலவு வலைப்பூ இல்லாவிட்டாலும் நடந்திருக்கும்.

என் யோசனை இது. முயற்சிச் சமையலுக்கு வாங்கும்போது தனி பில் போடச் சொல்லுங்கள். பில்லின் பின்பக்கம் எந்தப் பதிவுக்கு, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். மாத மளிகையோடு சேர்த்து வாங்கிவிட்டுப் பிறகு குத்துமதிப்பாக ஒரு தொகையைப் பிரிப்பது வேண்டாம். நம் மதுரைக்காரர் இப்படிப் பிரித்து எழுதி வைத்த தொகை ஆண்டுக்கு 12,000.

பயணச் செலவு 7,200. செட்டிநாட்டுப் பலகாரம் பற்றி எழுதக் காரைக்குடிக்குப் போய்வந்த பேருந்துக் கட்டணமும் லாட்ஜ் வாடகையும் இதில் அடக்கம். குடும்பத்தையும் கூட்டிப் போனால்? உங்கள் ஒருவருக்கான பங்கை மட்டும் காட்டுங்கள். உறவினர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு கடையைப் படம் எடுத்ததை வைத்து அதைத் தொழில் பயணம் ஆக்க முடியாது.

இனி மடிக்கணினி. 60,000 ரூபாய்க்கு வாங்கியதை அதே ஆண்டில் முழுவதும் கழிக்கலாமா? முடியாது. பல ஆண்டு உழைக்கும் பொருளுக்குத் தேய்மானம் (பொருள் பழசாகப் பழசாக அதன் மதிப்பில் ஆண்டுதோறும் கழித்துக்கொள்ளும் பங்கு) என்ற முறையில்தான் கழிக்க வேண்டும். கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம். முதல் ஆண்டு 24,000 ரூபாய். மீதி 36,000 ரூபாயில் அடுத்த ஆண்டு 40 சதவீதம், அதாவது 14,400. இப்படியே குறைந்துகொண்டு போகும். கேமராவுக்கும் கைபேசிக்கும் 15 சதவீதம்தான். 40,000 ரூபாய் கேமராவுக்கு முதல் ஆண்டில் 6,000. மேசை, நாற்காலிக்கு 10 சதவீதம்.

எப்போது வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் முதல் ஆண்டில் பாதித் தேய்மானம்தான். அதாவது, அதே மடிக்கணினியைத் தீபாவளித் தள்ளுபடியில் அக்டோபர் கடைசியில் வாங்கியிருந்தால் அந்த ஆண்டு 24,000க்குப் பதில் 12,000தான் கழியும். மிச்சம் வீணாகாது, அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும்.

6,000, 4,800, 12,000, 7,200, 24,000, 6,000. கூட்டிப் பாருங்கள், 60,000.

ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாதா? ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. அப்படி வாங்கிய கேமராவுக்குத் தேய்மானமும் கிடையாது. பெரிய தொகை எதுவானாலும் வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமோ கொடுங்கள்.

தம்பி படம் எடுத்துத் தருகிறான், அவனுக்குக் கொடுப்பதைக் காட்டலாமா? காட்டலாம். ஆனால் வெளியாள் ஒருவர் அந்த வேலைக்கு என்ன வாங்குவாரோ அந்த அளவில் இருக்க வேண்டும். கூடுதலாகக் கொடுத்தால் அந்தக் கூடுதலை அதிகாரி ஏற்க மறுக்கலாம். தம்பியும் அதைத் தன் வருமானமாகக் காட்ட வேண்டும்.

புடவை, சட்டை, முடி அலங்காரம்? காணொளியில் தெரிகிறது என்பதற்காகத் தொழில் செலவு ஆகிவிடாது. வெளியிலும் போட்டுக்கொள்கிற உடை சொந்தச் செலவுதான். அபராதமாகக் கட்டிய தொகையையும் கழிக்க முடியாது.

செலவைப் பற்றிப் பேசும்போது வரவையும் சரியாக எழுதுகிறோமா என்று பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் 1,00,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் கொடுப்பவரே வரியைப் பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டிவிடுவது) போக 90,000 அனுப்புகிறது. உங்கள் வருமானம் 90,000 இல்லை, 1,00,000. பிடித்த 10,000 ரூபாய் நீங்கள் ஏற்கெனவே கட்டிய வரி. கணக்குப் பார்க்கும்போது வரவு வைக்கப்படும், அதிகமாக இருந்தால் திரும்பக் கிடைக்கும். வருமான வரித் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியும்.

மதிப்புரை எழுதச் சொல்லி ஒரு மிக்ஸியை இலவசமாக அனுப்பினால்? எழுதிவிட்டுத் திருப்பி அனுப்பினால் ஒன்றும் இல்லை. வைத்துக்கொண்டால் அதன் மதிப்பு உங்கள் வருமானம். ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படி வந்தால் அதற்கும் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது.

இத்தனை கணக்கு எழுத எனக்கு நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அனுமான வரி முறை (மொத்த வரவில் இவ்வளவு லாபம் என்று சட்டமே வைத்துக்கொள்வது) என்று பெயர். வியாபாரம் என்றால் வங்கி வழி வந்த வரவில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபமாகக் காட்டினால் போதும். அதற்குப் பிறகு தனியாக எந்தச் செலவையும் கழிக்க முடியாது, தேய்மானம் உட்பட.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உடனே குதித்துவிடாதீர்கள். பிறர் பொருளை விற்றுக்கொடுத்துப் பெறும் கமிஷன் வருமானத்துக்கு இந்த வழி கிடையாது. வலைப்பூ நடத்தும் பலருக்கு வருவதோ கமிஷன்தான். உண்மையான லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் அதைக் குறைத்துச் சொல்வதற்கான வழியும் இல்லை இது. ஒருமுறை இதில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் விலகினால், அடுத்த ஐந்து ஆண்டுக்கு மறுபடி சேர முடியாது. ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

முதல் ஆண்டில் வரவைவிடச் செலவு அதிகமாகிவிட்டதா? அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் எட்டு ஆண்டு வரை அடுத்தடுத்த தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் அந்த உரிமை போய்விடும்.

பில்களை எப்படி வைத்துக்கொள்வது? வலைப்பூவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வரவும் செலவும் அதன் வழியாகவே நடந்தால், அறிக்கை எடுத்ததும் பாதி வேலை முடிந்துவிடும். சூப்பர் மார்க்கெட்டிலும் மின்னணுக் கடையிலும் தரும் வழவழப்பான பில்லைக் கவனித்திருப்பீர்கள். சூடுபட்டு எழுத்து வரும் தாள் அது. பர்ஸில் நாலு மாதம் கிடந்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே படம் எடுத்து, மாதவாரியாகக் கோப்பில் போடுங்கள். குறைந்தது ஆறு ஆண்டுக்கு அவற்றை அழிக்காதீர்கள்.

எந்தப் படிவம்? சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்.-1 இதற்குச் செல்லாது. செலவுகளைக் காட்டிக் கழிப்பதானால் ஐ.டி.ஆர்.-3. அனுமான முறை என்றால் ஐ.டி.ஆர்.-4.

ஏற்கெனவே செலவைக் காட்டாமல் ரிட்டர்ன் போட்டாயிற்றே என்றால், திருத்திய ரிட்டர்னுக்கான கெடு முடிவதற்குள் சேர்த்துப் போடலாம். கெடு முடிந்த பிறகு போடுகிற புதுப்பித்த ரிட்டர்ன் என்ற ஒன்றும் இருக்கிறது; ஆனால் அது விட்டுப்போன வருமானத்தைச் சேர்க்கத்தான். அதில் செலவைக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. ஆகவே இந்த ஆண்டு ரிட்டர்ன் போட்டிருந்தால், அதில் வலைப்பூ வருமானம் எந்தத் தலைப்பில் போயிருக்கிறது, செலவு எவ்வளவு போயிருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.