சுண்ணாம்பு பட்ட கண்



நம் இல்லங்களில் வெற்றிலைப் பெட்டி இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. முன்னர்ச் சிமிழில் இருந்த சுண்ணாம்பு இப்பொழுது சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தில் கடைதோறும் கிடைக்கிறது. குழந்தை அதைக் கையிலெடுத்து அழுத்தினால் பொட்டலம் வெடித்து, உள்ளிருப்பது நேராக முகத்தில் பீறிடும். சென்ற ஆண்டு எம் மக்தபில் ஓதும் ஏழு வயதுச் சிறுவனுக்கு இதுவே நேர்ந்தது. வலியால் துடித்த பேரனின் கண்ணில் நன்னிமா பாசத்தால் விளக்கெண்ணெய் விட்டார். அண்டை வீட்டுப் பெண்மணி தாய்ப்பால் பீய்ச்சினார். மருத்துவமனையை அடைகையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது. அவனுடைய தந்தை சில மாதங்கள் கழித்து என்னிடம் வந்து, "ஹஜ்ரத், மவுத்தானவருடைய கண்ணை என் மகனுக்கு வைப்பது கூடுமா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சையின் வரலாறே சுண்ணாம்பு பட்ட ஒரு கண்ணில்தான் தொடங்குகிறது என்பதை அறிந்து வியந்தேன். இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலொமோட்ஸ் நகரம் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. அங்கு எடுவர்ட் ஸிர்ம் என்னும் கண் மருத்துவரிடம் ஒரு கூலித் தொழிலாளி வந்தார். சுண்ணாம்பு வேலையின்போது இரு கண்களும் வெந்து, கருவிழியின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்க வேண்டிய படலம் பால்போல் வெளுத்துப் போயிருந்தது. அதே வேளையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் கண்ணில் இரும்புச் சிதறல்கள் பாய்ந்த நிலையில் அவரிடம் வந்திருந்தான். அக்கண்ணைக் காப்பாற்ற இயலாமல் அகற்ற வேண்டியதாயிற்று. ஆயினும் அதன் முன்படலம் தெளிவாக இருந்தது. 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7 அன்று, ஸிர்ம் அப்படலத்திலிருந்து வட்ட வட்டமாக வெட்டியெடுத்துத் தொழிலாளியின் இரு கண்களிலும் பொருத்தினார். வலக்கண்ணில் பொருத்தியது நிலைக்கவில்லை. இடக்கண்ணில் பொருத்தியது தெளிவாகவே நின்றது. அம்மனிதர் மீண்டும் வேலைக்குச் சென்றார். மனிதக் கருவிழிப்படலத்தை மனிதருக்கு மாற்றி வென்ற முதல் அறுவை இதுவே.

ஒரே கையால் ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டில் ஒன்று ஏன் தோற்றது? இக்கேள்வி முக்கியமானது. கருவிழிப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. எனவே அந்நியப் படலத்தை உடல் எளிதில் எதிர்ப்பதில்லை. ஆனால் சுண்ணாம்பால் வெந்த கண்ணில் புண் ஆறும்போது இரத்தக் குழாய்கள் உள்ளே படர்ந்துவிடுகின்றன. அவற்றின் வழியே எதிர்ப்பும் வந்து சேருகிறது. மேலும், கருவிழியும் வெள்ளைவிழியும் கூடும் விளிம்பில் ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்கள் குடியிருந்து, படலத்தின் மேற்பரப்பை நாள்தோறும் புதுப்பிக்கின்றன. விளிம்பு வெந்துபோனால் புதுப்பிப்பார் இல்லை. அத்தகைய நிலத்தில் எத்தனை நல்ல படலத்தை நட்டாலும் அது மங்கிவிடும்.

இதனால்தான் முதல் நிமிடங்களைப் பற்றி உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. அமிலம் பட்டால் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாகிவிடுகிறது. சுண்ணாம்பு காரம், அது உயிரணுக்களின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு மேலும் மேலும் உள்ளே செல்லும். அதை நிறுத்துவது தண்ணீர் ஒன்றே. குழாய் நீரோ, குடத்து நீரோ, அருகில் கிடைக்கும் தூய நீரை உடனே, தாராளமாக, அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொள்ளும். ஒருவர் இமைகளை விரித்துப் பிடிக்கத்தான் வேண்டும். மேலிமையின் அடியில் சுண்ணாம்புத் துகள் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேகவைக்கும். மருத்துவர் இமையைப் புரட்டிப் பார்ப்பது அதற்காகவே. கழுவிய பின்னரே மருத்துவமனைக்குப் பயணம். எலுமிச்சைச் சாறு ஊற்றிக் காரத்தை முறிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேளாதீர்கள். எண்ணெயும் பாலும் அந்தச் சிறுவனுக்குச் செய்த பெருந்தீங்கு, தண்ணீருக்குரிய நேரத்தை அவை தின்றுவிட்டதே.

சுர்மாவைப் பற்றியும் ஒரு சொல். அரபியில் கண் மருத்துவருக்குக் 'கஹ்ஹால்' என்று பெயர். 'குஹ்ல்' என்னும் அஞ்சனச் சொல்லிலிருந்து பிறந்தது. பக்தாதின் அலீ இப்னு ஈஸா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' பல நூற்றாண்டுகள் கண் மருத்துவர்களின் கைந்நூலாக விளங்கியது. அப்பெருமை நமக்கு உண்டு. அதற்காகக் காயம்பட்ட கண்ணில் சுர்மாவைத் தீட்டுவது அறிவுடைமை ஆகாது.

கூரிய பொருளால் கண் கிழிந்தால் முறை முற்றிலும் வேறு. கத்தரிக்கோல், கம்பி, பட்டாசுச் சிதறல் ஆகியவற்றால் காயம் நேர்ந்தால் கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கவும் கூடாது. காகிதக் குவளை ஒன்றின் அடிப்பகுதியைக் கண்ணைத் தொடாதவாறு கவிழ்த்து ஒட்டி, உடனே அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம்; ஆகவே வழியில் உணவு கொடுக்காதீர்கள். அங்கே நுண்பெருக்கியின் கீழ், தலைமுடியினும் பன்மடங்கு மெல்லிய நைலான் இழையால் கிழிசலைத் தைப்பர். முதலில் கண்ணைக் கண்ணாக மூடுவதே நோக்கம். பார்வைக்கான பணி, அதாவது உடைந்த லென்ஸை மாற்றுவதும் கலங்கிய உள்நீர்மத்தை அகற்றுவதும் விழித்திரையை ஒட்டுவதும், பெரும்பாலும் பின்னர் வேறொரு நாளில் நடைபெறும். "ஒரே அறுவையில் முடித்திருக்கக் கூடாதா?" என்று மருத்துவரோடு பிணங்குவோர் இதை அறிந்திருத்தல் நன்று.

வெந்த விளிம்புக்கும் இன்று வழி பிறந்துள்ளது. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழுவினர் 2012இல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் துணுக்கு ஒன்றை எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, கெட்ட கண்ணில் பனிக்குடச் சவ்வை விரித்து அதன்மேல் ஒருவகை உயிர்ப்பசையால் ஒட்டுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செலவின்றிக் கண்ணிலேயே அவை வளர்ந்து படர்கின்றன. சகோதரி நட்ட நாற்று மற்றொரு சகோதரியின் வயலில் வேர்விடுவதைப் போன்றது இது. எம் சிறுவனுக்கும் முதலில் விளிம்புக்கான சிகிச்சையே செய்யப்பட்டது. இப்பொழுது அக்கண்ணால் எதிரே நீட்டிய விரல்களை எண்ணுகிறான், எழுத்துகள் தெரியவில்லை.

அறுவைக்குப் பின் பலரும் கேட்பது உளூவையும் தொழுகையையும் பற்றியதே. கண்ணில் நீர் படக் கூடாதென மருத்துவர் தடுத்தால், தயம்மும், மஸஹு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. ஷாஃபியாக்களுக்கும் ஹனஃபியாக்களுக்கும் அதில் வேறுபாடு உண்டு. உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குனியக் கூடாதென்றால் உட்கார்ந்து, தலையைச் சிறிதளவு சாய்த்துச் சைகையால் தொழலாம். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, இயலாவிடில் அமர்ந்தும் அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தந்தது புகாரியில் பதிவாகியுள்ளது. ஸஜ்தாவை விட மனமின்றித் தையலைப் பிரித்துக்கொண்டவரை நான் அறிவேன்.

இனி, அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதனை ஆராய்ந்தது. நோயின் காரணமாக அகற்றப்பட்ட கண்ணின் கருவிழிப்படலத்தைப் பிறருக்குப் பொருத்துவது கூடும் என்று அது உதாரணம் காட்டியே கூறியது; ஓலொமோட்ஸில் நிகழ்ந்ததும் அதுவன்றோ! இறந்தவரின் உறுப்பைப் பொருத்துவதற்கும், உயிரோ அடிப்படையான ஓர் உறுப்பின் செயலோ அதைச் சார்ந்திருந்து, இறந்தவர் முன்னரே இசைந்திருந்தால் அல்லது வாரிசுகள் இசைந்தால் அனுமதி உண்டு என்றது. விலைக்கு விற்பதை மட்டும் அறவே தடுத்தது. நம் நாட்டு உலமாப் பெருமக்களில், மய்யித்தின் கண்ணியம் கருதி இதனை ஏற்காதவர்களும் உளர். அவர்களுடைய அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால், கண் தானத்தில் மரணத்திற்குப் பின் சுமார் 6 மணி நேரத்திற்குள் கண் எடுக்கப்படுகிறது, அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் உருக்குலைவதில்லை, ஜனாஸா தாமதிப்பதில்லை என்பவற்றையும் அவர்கள் முன் வைத்துக் கேட்க வேண்டும்.

பெறுவது கூடுமா என்று கேட்டு என்னிடம் வந்தவர்கள் பலர். கொடுப்பது கூடுமா என்று கேட்டு எவரும் வந்ததில்லை. அத்தந்தையிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்னர், "என் வாப்பாவிடம் பேசிப் பார்க்கிறேன்" என்றார். சிறுவனின் பெயர் கண் வங்கியின் பட்டியலில் இருக்கிறது. இன்னும் அழைப்பு வரவில்லை.