ஆடும் பல்லுக்கு நூல் நாடா!

ராசிபுரம் சந்தையில் வெங்காயம் அடைத்து வைத்திருக்கும் வலைப்பையைப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஆனால், இழுத்தால் நூல் விலகாது. காரணம், பாவு நூல்கள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு ஊடு நூலைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். இதற்கு, 'லெனோ' நெசவு என்று பெயர். இதே நெசவில் 2, 3 மி.மீ., அகலத்துக்கு ஒரு நாடா நெய்து, அதைப் பல்லில் ஒட்டுகின்றனர் டாக்டர்கள்!

எதற்கு என்கிறீர்களா? நம் பல், ஆணி அடித்தது போல எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள நுண்ணிய நார்களில், கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பது போலத் தொங்குகிறது. ஈறு நோய் வந்த தாத்தா, பாட்டிக்கு இந்த நார்களும் எலும்பும் கரைந்து பல் ஆட ஆரம்பிக்கும். அப்புறம் முறுக்காவது, சீடையாவது! ஆடும் பல்லை, பக்கத்திலுள்ள உறுதியான பற்களோடு சேர்த்துக் கட்டத்தான் இந்த நாடா.

நாடா, பாலிஎத்திலீன் இழையால் ஆனது. பால் பாக்கெட்டும் இதே இனம்தான். அதன் மேல் பசை தடவிப் பாருங்கள், உரிந்து வந்துவிடும். அதனால், தொழிற்சாலையிலேயே மின்சாரம் பாய்ந்த வாயுவில் நாடாவைக் காட்டி, பசை பிடிக்கும்படி மாற்றுகின்றனர். அதன் பிறகு வெறும் விரல் படக்கூடாது. விரலிலுள்ள எண்ணெய்ப் பசை பட்டால் எல்லாம் வீண்! கண்ணாடி இழை நாடாவும் உண்டு. அதற்கு, 'சிலேன்' என்ற பொருளைப் பூசுவர். அது ஒரு கையால் கண்ணாடியையும், மறு கையால் பிசினையும் பிடித்துக்கொள்ளும்.

சரி, வழவழப்பான பல்லில் பிசின் எப்படி ஒட்டும்? பழைய சுவரில் பூச்சு பூசும் முன், கொத்தனார் அதைக் கொத்திவிடுவார் அல்லவா? 1955ல், அமெரிக்க பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர் அதையே பாஸ்பாரிக் அமிலத்தால் செய்து காட்டினார். அமிலம் பட்டதும் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பிசின் அதற்குள் இறங்கிக் கெட்டியாகிவிடும்.

நம்மூரில் ஒரு சிக்கல். சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் சில ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். சிறு வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். அந்த எனாமலில் அமிலம் எளிதில் வேலை செய்யாது. டாக்டர் மேற்பரப்பை லேசாகத் தேய்த்தோ, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்தோதான் சமாளிக்க வேண்டும்.

பிறகு, நாடாவைத் திரவப் பிசினில் நன்றாக ஊற வைத்து, பற்களின் பின்பக்கம் பதித்து, நீல ஒளி காட்டுவர். சில வினாடிகளில் கல் மாதிரி ஆகிவிடும். மண்சுவரில் வைக்கோல் போல, பிசின் விரிசல் விடாமல் இழைகள் காக்கும்.

பந்து பட்டு உங்கள் பல் ஆடினால், இவ்வளவு விறைப்பான கட்டு ஆகாது. மெல்லிய கம்பியோ, நைலான் இழையோ போதும். பல் கொஞ்சம் அசைந்தால்தான் நார்கள் ஒழுங்காகச் சேரும்.

பல் முழுசாக விழுந்துவிட்டதா? வேரைத் தொடாமல் தலைப்பக்கம் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். ஒரு டம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். திரும்பப் பொருத்தி, இரண்டு வாரம் கட்டுப் போடுவார். விழுந்தது பால் பல்லா? திரும்ப வைக்க மாட்டார். டாக்டரிடம் வாயைக் காட்டிவிட்டு, வழக்கம் போல சாணியில் உருட்டிக் கூரை மேல் வீச வேண்டியதுதான்!